ஒரு சாண் குறைந்த வீடு

ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மனைவி மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து உன் சளி, உன் இருமல், உன் ஆபீஸ் சண்டை எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறாள். உனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். காட்டுக்குள் ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறேன். முக்கால் ஏக்கர். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், வண்டி போகாது. விற்றவர் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்: நிற்கிற மரம் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது, சிமெண்ட் கொட்டக் கூடாது. நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அங்கே எனக்கு மரத்தாலேயே ஓர் அறை வேண்டும். ஒரே ஓர் அறை. மாதத்தில் பத்து நாள் தையல் கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டு அங்கே போய்த் தனியாக இருக்கப் போகிறேன்.

உன் ஆபீஸில் யாராவது சின்னப் பெண் இருந்தால் வரைந்து தரச் சொல். உன்னைக் கேட்கவில்லை. நீ பெரிய ஆள்; அதோடு "இனிமே உன் வீட்டு வாசப்படியை மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவன். நீ பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் நான் பதினோரு மாதம்தான் இருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலி செய்துவிட்டு மருந்துக்கடை மாடியில் வாடகைக்குப் போனேன். உன் கோபம் நியாயம்தான். ஆனால் மூன்று வருடம் என்பது கொஞ்சம் ஓவர்.

போனில் பேசலாம் என்றால் நாம் இரண்டு பேரும் இரண்டாவது நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதத்தில் கத்தினால் கை வலிக்கும். அதனால்தான் கடிதம்.

ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் கூரை ஏறிவிட வேண்டும்.

நீ வைத்த பட்டப்பெயரை இன்னும் மாற்றாத,
ஊசி


ஜனவரி 21

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் சின்னப் பெண்கள் இருவரும் வேறு வேலையில் இருப்பதால் தங்கள் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் இதில் அர்த்தம் எதுவும் இல்லை.

வரைபடம் தருவேன். மரம் அறுக்கும் பட்டறைக்கு அளவு அனுப்புவேன். இடத்துக்கு வரமாட்டேன். கட்டி முடித்த பிறகும் வரமாட்டேன். சொன்னது சொன்னதுதான்.

கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுதவும். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? தண்ணீர் எங்கிருந்து? மழை எந்தத் திசையிலிருந்து சாரல் அடிக்கும்? மண்ணுக்கு மேல் பாறை ஏதாவது தெரிகிறதா, தெரிந்தால் அசைகிறதா? (மேலே ஏறிக் குதித்துப் பார்க்க வேண்டாம். தங்கள் முழங்கால் வலி விவரம் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.) காலையில் எழுந்ததும் தாங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? எங்கே உட்காருவீர்கள்? எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள்? இந்தக் கேள்விகளை எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்பது இப்போது எங்கள் வழக்கம். முன்பு இல்லை.

கடைசியாக ஒன்று. இதற்கு முன் தாங்கள் குடியிருந்த வீட்டில் என்ன குறை? அலுவலகப் பதிவுக்காகத்தான் கேட்கிறேன். பத்திரிகையில் படம் வந்த வீடு அது. எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குறை என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தலைமைக் கட்டட வடிவமைப்பாளர்

பின்குறிப்பு: போன் வருவது எனக்குத் தெரியும். அவள் குளியலறைக்குள் போய்ப் பேசுகிறாள். அங்கேதான் எதிரொலி அதிகம்.


பிப்ரவரி 3

தலைமைக் கட்டட வடிவமைப்பாளருக்கு,

"தாங்கள்" என்று படித்ததும் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். உனக்கு முதல் கால்சட்டை தைத்துப் போட்டவள் நான். அன்றைக்கு அதில் பட்டன் மாறி இருக்கிறது என்று தெருவில் நின்று அழுதாய். அப்போது "தாங்கள்" எங்கே போயிருந்தது?

கேட்டதற்குப் பதில். நிலம் கிழக்கே சரிகிறது. கீழே இரண்டு நிமிட நடையில் ஓர் ஓடை, வெயில் காலத்திலும் சன்னமாக ஓடுமாம். சாரல் மேற்கிலிருந்து. இதெல்லாம் அந்தக் காட்டோரத்துத் தச்சர் சொன்னது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். "மழைக்குள்ள முடியுமா?" "பாக்கலாம்." "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டதற்கும் "பாக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார். அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டேன். பாறை நாலு இருக்கிறது, மேசைக்குக் கால் வைத்த மாதிரி மூலைக்கு ஒன்றாக. நான் குதிக்கவில்லை. பாக்கலாம் குதித்தார். அசையவில்லை. மேற்கு மூலையில் ஒரு மரமும் நிற்கிறது.

காலையில் எழுந்ததும் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறாய். யாராவது கூப்பிடுவார்கள், நான் போவேன். பதினாலு வயதிலிருந்து அதுதான். முதலில் படுக்கையில் விழுந்த அப்பா, அப்புறம் ஆறு வயது நீ, அப்புறம் கடைப் பெண்கள், அவசரமாக இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வரும் வாடிக்கையாளர்கள். யார் மேலும் குறை இல்லை. ஆனால் யாரும் கூப்பிடாத அறையில் நான் ஒருநாள்கூட இருந்ததில்லையடா. அதற்குத்தான் இந்த வீடு.

தரையில்தான் உட்காருவேன். என்னைத் திரும்பிப் பார்க்காத எதையாவது பார்த்துக்கொண்டு.

பழைய வீட்டின் குறையை நேரில் வந்து கேள், சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. வீடு வேண்டும் என்பது நிஜம். இந்தச் சாக்கிலாவது நீ வந்து என் முன்னால் நிற்க வேண்டும் என்பது அதைவிட நிஜம். மூன்று வருடம் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஊசி


பிப்ரவரி 19

ஊசிக்கு,

"தாங்கள்" வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். இது சமாதானம் இல்லை. எழுதச் சுருக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு பாறை என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பாறைகள்தான் அஸ்திவாரம். மண்ணில் ஒரு குழி வெட்டப் போவதில்லை, ஒரு வேரைத் தொடப் போவதில்லை. ஒவ்வொரு பாறையின் தலையிலும் ஒரு விரல் ஆழத்துக்குத் துளை போட்டு இரும்பு முளை இறக்க வேண்டும். முளையின் மேல் தூண், தூண்களின் மேல் உத்தரம், அதன் மேல் தரை. தரைக்குக் கீழே இடுப்பளவு வெளி இருக்கும். மழைத் தண்ணீர் அதன் பாட்டுக்குப் போகும், முள்ளம்பன்றியும் போகும்.

வண்டி போகாது என்றாயே, அதனால் இரண்டு பேர் தோளில் தூக்க முடியாத மரம் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்காது. எல்லாம் பட்டறையிலேயே அளவாக அறுத்து, பொருந்துகிற இடங்களை வெட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே போல்ட் போட்டு முடுக்க வேண்டியதுதான். ஆணி கிடையாது. என்றைக்காவது வேண்டாமென்றால் இரண்டு நாளில் கழற்றி எடுத்துவிடலாம்; நாம் வந்துபோனது காட்டுக்கே தெரியாது. உனக்குத்தான் சொல்லாமல் காலி செய்கிற பழக்கம் இருக்கிறதே.

மேற்கு மூலையில் நிற்கும் மரம் வராந்தாவின் நடுவே ஏறிப் போகட்டும். அதைச் சுற்றி நாலு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறேன். காற்றில் ஆடும், வருடா வருடம் பருக்கும். அதற்கும் இடம் வேண்டும் இல்லையா?

கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, காலை வெளிச்சத்துக்கு. கட்டில் இரண்டு வரைந்திருக்கிறேன், இரண்டாவது விருந்தாளிக்கு. இவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு "ரெண்டாவது கட்டில் யாருக்குங்க?" என்றாள். ஆபீஸ் வேலையில் தலையிடாதே என்றேன்.

முளை இறக்கியதும் முளைக்கு முளை நீளமும் அகலமும் அளந்து அனுப்பு. பாறையை நகர்த்த முடியாது. அதனால் அந்த இரண்டு அளவில்தான் மொத்த வீடும் நிற்கிறது.

ஸ்கேல்
(இந்தப் பட்டப்பெயரும் இன்னும் மாறவில்லை.)


மார்ச் 2

ஸ்கேலுக்கு,

கண்ணாடிச் சுவரைப் பார்த்ததும் உன் படத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று சட்டைக்குக் காஜா எடுத்தேன். அப்போதுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடி வேண்டாம். வெளிச்சம் வருகிற வழியில் ஊரும் வரும். கிழக்கே ஒரே ஒரு ஜன்னல் போதும், தரையில் உட்கார்ந்தால் ஓடை தெரிகிற மாதிரி. மற்றதெல்லாம் பலகை.

இரண்டாவது கட்டிலை அடித்துவிடு. வரமாட்டேன் என்கிறவனுக்கு எதற்குக் கட்டில்?

மற்றபடி வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மரத்தைச் சுற்றி நாலு அங்குலம் விட்டிருக்கிறாயே, அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைப் பெண்களுக்கும் காட்டினேன். "உங்க தம்பியாக்கா வரைஞ்சது?" என்றார்கள். இல்லை, ஆபீஸில் யாரோ என்று சொல்ல வாய் வரவில்லை.

முளை இறக்கியாகிவிட்டது. பாக்கலாம் அகலத்தை அளந்தார், பன்னிரண்டு அடி. என் நிலம், நானும் ஒரு பக்கம் அளப்பேன் என்று பிடிவாதம் பிடித்துக் கழுத்தில் கிடந்த தையல் டேப்பாலேயே நீளத்தை நான் அளந்தேன். பத்தொன்பது அடி மூன்று அங்குலம். இரண்டு முறை அளந்தேன். நிமிர்ந்தபோது முதுகு கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஊசி


மார்ச் 13

ஊசிக்கு,

அளவு வந்தது. பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். கண்ணாடி போச்சு, கட்டில் போச்சு, ஜன்னல் வந்தது. ஜன்னல் உயரம் உன்னைக் கேட்கத் தேவையில்லை. தரையில் உட்கார்ந்து நீ தைப்பதை இருபது வருடம் பார்த்தவன் நான்.

ஏப்ரல் நடுவில் மரம் வந்து இறங்கும். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ கொடுக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஸ்கேல்


ஏப்ரல் 16

தம்பி,

மரம் வந்து இறங்கியது. எட்டுப் பேர் இரண்டு நாள் தோளில் சுமந்தார்கள். ஒரு கிளை ஒடியவில்லை. நீ சொன்ன மாதிரியே ஒவ்வொன்றும் இரண்டு பேர் கனம்தான். தூண்களை நிறுத்திவிட்டு முதல் உத்தரத்தைத் தூக்கினார்கள். நான் கீழே நின்று, சொன்னால் சிரிப்பாய், கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

உத்தரம் தூணைத் தொடவில்லை. ஒரு முனையை ஒரு தூணில் சரியாகப் பொருத்தினால், அடுத்த முனைக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருக்கிறது. என் கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அந்த வீட்டில் இப்போதைக்குப் பொருந்துவது அது ஒன்றுதான். இரண்டாவது உத்தரமும் அப்படியே. அகலம் மட்டும் நூல் பிடித்த மாதிரி சரியாக இருக்கிறது.

பாக்கலாம் உன் வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அம்மா, நீங்க சொன்னது பத்தொம்பதே கால். இதுல பதினெட்டரைன்னு போட்டிருக்கு" என்றார். அவர் முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மழைக்கு ஆறு வாரம் இருக்கிறது. பத்திரத்தில் எழுதியபடி அங்கே ஒரு குச்சி வெட்ட முடியாது. பட்டறையில் இப்போது வேலை குவிந்திருப்பதால் புது மரம் அறுத்து வர இரண்டு மாதம் ஆகுமாம். நடுக்காட்டில் நாலு தூண் மட்டும் நிற்கிறது. பத்தொன்பதே கால் எப்படிப் பதினெட்டரை ஆனது? மூடி மறைக்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

தப்பு என்னுடையது. பட்டறைக்காரர் தலையில் போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மனசு வரவில்லை.

நீ எதை அளந்தாலும் தையலுக்கு என்று கொஞ்சம் கூட விடுவாய். இடுப்பு முப்பது என்றால் உன் நோட்டில் முப்பத்திரண்டு இருக்கும். துணிக்கு மட்டுமா? சின்ன வயதில் நாம் இருந்த வீட்டில் நீ சொன்ன அளவுக்கு ஒரு அலமாரி செய்து, அது சுவர் மூலையில் நுழையாமல் பத்து வருடம் நடு அறையில் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் உன் கடிதத்தைப் பார்த்ததும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். உன் டேப் ஐந்து அடி. இந்த நீளத்துக்கு நாலு முறை வைத்திருப்பாய். முறைக்கு இரண்டு அங்குலம், ஆக எட்டு. முதுகு வலியோடு குனிந்திருப்பாய், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்று. ஒன்பது அங்குலத்தைக் கழித்துவிட்டுத்தான் பட்டறைக்கு அனுப்பினேன்.

"தையலுக்கு விட்டாயா?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம், கோபித்துக்கொண்டு மறுபடி நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன்.

என்னை மன்னித்துவிடு. ஏதாவது வழி யோசிக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

நான் தையலுக்கு விடவில்லையடா.

நாற்பத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக, தம்பிக்குத் துணி கணக்கு ஆகாது, மரக் கணக்குதான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி அளந்தேன். கை தன்பாட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போகும், பிடித்து இழுத்து வைப்பேன். அதனால்தான் இரண்டு முறை அளந்தேன். உன்னிடம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதவில்லை. நான் உனக்காக விடாமல் இருந்தேன், நீ எனக்காகக் கழித்தாய். இப்படி ஒரு அக்கா தம்பி வேறு எங்கேயும் கிடைக்க மாட்டார்கள். கடைப் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் நின்றுவிட்டது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பழைய வீட்டின் குறை என்ன என்று கேட்டாயே. நேரில்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இனி அதில் அர்த்தமில்லை. கேள்.

தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடிச் சுவர் வைத்தாய். நான் சாப்பிடுவதைத் தெரு பார்த்தது. நான் தலை சீவுவதைத் தெரு பார்த்தது. காலை ஆறு மணிக்குக் கண்ணாடியைத் தட்டி "அக்கா, முழிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுது, இந்த ஜாக்கெட் கை மட்டும்" என்பார்கள். திரை போட்டேன். பத்திரிகைக்காரர்கள் வருவதாகச் சொல்லி நீயே வந்து கழற்றினாய். அந்த வீட்டில் எல்லாம் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு மூலை இல்லை. முதன்முதலில் நீ படத்தைக் காட்டியபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்தாய். பாதி சந்தோஷம்தான், என் தம்பி எனக்காக வரைந்திருக்கிறானே என்று. மீதிப் பாதி, இதில் நான் எங்கே உட்காருவேன் என்று.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் முகம் விழுந்துவிடும். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அதனால் சொல்லாமல் ஓடினேன். அது என் தப்பு.

இந்த முறை நீ என்னைக் கேட்டாய். எங்கே உட்காருவாய், எதைப் பார்ப்பாய் என்று கேட்டாய். அதற்காக உனக்குப் பாதி மன்னிப்பு கொடுத்திருந்தேன். கேட்டுவிட்டு நம்பவில்லை பார், அதற்காக அந்தப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பாக்கலாம் தினமும் போய் அந்த நாலு தூணையும் பார்த்துவிட்டு வருகிறார். வழி இருக்கிறதா என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

அக்கா


மே 7

அக்கா,

உன் கடிதத்தை இவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "திரையக் கழட்டினப்பவே நான் சொன்னேன்ல?" என்றாள். சொன்னாளாம். எனக்கு ஞாபகமே இல்லை. யார் சொல்லி எது என் காதில் விழுந்திருக்கிறது?

வழி இருக்கிறது. உத்தரத்தை நீட்ட முடியாது, பாறையை நகர்த்த முடியாது, ஆனால் தூணைச் சாய்க்கலாம். இரண்டு பக்கத்துத் தூண்களும் நாலரை அங்குலம் உள்பக்கம் சாய்ந்தால் உத்தரம் உட்கார்ந்துவிடும். வீடு கொஞ்சம் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நாலு பாறையும் நாலு உயரம். ஒவ்வொரு தூணின் தலையையும் காலையும் எந்தச் சாய்வில் சீவ வேண்டும் என்பதை அங்கே நின்று, கையால் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கிருந்து வரைந்து அனுப்புகிற காரியம் இல்லை.

அதனால் வருகிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற நேரம், உன்னால் இப்போது கடையை விட்டு நகர முடியாது என்று இவள் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. பாக்கலாம் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். வாசற்படி இன்னும் பொருத்தவில்லை என்பதால் நான் சொன்ன சொல்லை மீறியதாகாது. வேலை எல்லாம் தரைக்குக் கீழேதான்.

உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்கேல்


மே 27, காலை பத்து மணி
(வீட்டுக்குள்ளிருந்து கீழே, பாக்கலாம் கையில் கொடுத்தனுப்பியது)

தம்பி,

சீருடை எல்லாம் நேற்றே முடிந்தது. முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன். பாதை திரும்பியதும் வீடு தெரிந்தது. கூரை ஏறி, கதவு வைத்து, படி வைத்து, மரத்தை நடுவில் விட்டு. நீயும் தெரிந்தாய். என்னைப் பார்த்ததும் உளியோடு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். ஐம்பது வயதாகப் போகிற ஆள். அந்தத் தூண் உன்னில் பாதியைக்கூட மறைக்கவில்லை.

தலை இத்தனை நரைத்துவிட்டதா? உன் மனைவி போனில் சொல்லவே இல்லையே.

நான் உள்ளே இருக்கிறேன். வா.

ஊசி


மே 27, பத்தரை மணி
(கீழேயிருந்து மேலே)

அக்கா,

தூணுக்குப் பின்னால் ஒரு போல்ட் முடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் பத்து நாளில் தினமும் படி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சொன்ன சொல்லுக்காக என்று பாக்கலாமிடம் சொன்னேன். அவர் "பாக்கலாம்" என்று சிரித்தார். உன்னிடம் பொய் சொல்லவில்லை, சொல் எல்லாம் இல்லை. பயம். போன முறை நான் வாசலில் நின்று உன்னை உள்ளே அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். பதினோரு மாதம் தலையாட்டினாய்.

இந்த முறை நான் காட்ட மாட்டேன். நீ தனியாக உட்கார்ந்து பார். எது சரியில்லையோ அதை எழுது. என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் கீழேயே இருக்கிறேன். எனக்குச் சொல்லாமல் மட்டும் போய்விடாதே, அக்கா. அதை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

தம்பி


மே 27, பன்னிரண்டு மணி
(மேலேயிருந்து கீழே)

தம்பி,

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நடுவில் நீ ஒரு முறை இருமினாய், அது கணக்கில் இல்லை.

கதவு நன்றாக இருக்கிறது. சாத்தினால் சாத்திக்கொள்கிறது. பலகை வாசம் நன்றாக இருக்கிறது. காற்று அடித்தபோது மரம் ஆடியது, வீடு ஆடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அந்த நாலு அங்குல இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். இது என் வீடு என்று எனக்குத் தோன்றியது. இந்த வயதில் முதல் முறையாக.

இனி குறை. எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழுதுகிறேன்.

ஜன்னல் நாலு விரல் உயரமாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எனக்கு ஓடை தெரியவில்லை, எதிர்க்கரை மரங்களின் தலைதான் தெரிகிறது. எம்பிப் பார்த்தால் தெரிகிறது. தப்பு உன் மேல் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிற அக்காவுக்கு நீ சரியாகத்தான் வைத்திருக்கிறாய். இந்த மூன்று வருடத்தில் எனக்கு முதுகு வளைந்துவிட்டது. நாலு விரல் குறைந்திருக்கிறேன். நீ பார்க்கவில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

ஜன்னலை இறக்கித் தர வேண்டும்.

அக்கா


மே 27, பன்னிரண்டே கால்
(கீழேயிருந்து மேலே)

அக்கா,

படித்தேன். கண் மறைத்தது, மறுபடி படித்தேன். என் வேலைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டு எழுதியிருக்கிறார்கள். இதுபோல ஒரு கடிதம் எனக்கு வந்ததில்லை.

அந்த ஜன்னல் சட்டத்தின் போல்ட்டெல்லாம் உள்பக்கம்தான் இருக்கிறது. வெளியே நின்று கழற்ற முடியாது. உன்னை உட்காரவைத்து, கண் எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும்.

அப்படியே உட்கார்ந்திரு, எழுந்திருக்காதே. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறேன். இதற்குப் பதில் எழுதாதே.

தம்பி